நீல வட்டமிட்ட கதவுகள்

ஜூன் 9

முப்பத்தோரு வருடம் ஊராருக்கெல்லாம் அரசாங்க உறை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். இன்று எனக்கே ஒன்று வந்தது. புதுத் தபால்காரர் அட்டையை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார்.

"எங்கருந்து வந்துருக்கு, என்ன தபால்னு வாசிச்சுச் சொல்லாம கையெழுத்து கேக்கியளே" என்றேன். பாவம், வாசித்தார். நான் வேலையில் இருந்தவரை ஒருவரிடமும் வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்கு இரண்டு தடவை சொல்வேன்.

தாலுகா பேரிடர் மேலாண்மை ஆலோசனைக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாக, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் தி. தங்கபுஷ்பம் நியமிக்கப்படுகிறாராம். நான்கு முறை படித்தேன். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தான். படிக்க வைத்த பிள்ளை கைநாட்டு வைக்கிறான்.

ஜூன் 20

முதல் கூட்டம். மேசைமேல் என் பெயர் எழுதிய அட்டை இருந்தது. டாக்டர், தீயணைப்பு நிலைய அதிகாரி, அரிசி மில் முதலாளி, தலைமையாசிரியர், இவர்களுக்கு நடுவில் நான். தலைமை, தனி தாசில்தார் அருள்செல்வன். நாற்பது வயதிருக்கும், வடக்கு மாவட்டத்துக்காரர். தணிந்த குரலில் பேசுகிறார்.

எங்கள் ஊர்ப் பெரியகுளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் மறுகால் வழியாக வெளியேறும். அந்த வழியில்தான் மறுகால் தெரு இருக்கிறது. "திடீர்னு தண்ணி வந்தா அங்க முதல்ல யாரைத் தூக்கணும்?" என்று தாசில்தார் கேட்டார். மற்றவர்கள் தாளைப் புரட்டினார்கள். நான் சொன்னேன். பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் சிவனணைந்தான், கண் தெரியாத மாரிக்கனி, மூச்சிரைப்பால் பத்தடி நடக்க முடியாதவர்கள், காது கேட்காதவர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, நீங்கதான் இந்தக் குழுவுக்குக் கண்ணு" என்றார். மறந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதி வைக்கிறேன், பெருமைக்காக இல்லை.

பஜ்ஜி வந்தபோதே வருகைத் தாளும் வந்தது. சட்னி கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள்.

ஜூன் 21

ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் இல்லை. குழுவில் இருப்பதை மூன்று பேரிடம் சொன்னேன். நானாகச் சொல்லவில்லை, பேச்சு அப்படி வந்தது.

ஜூலை 5

மூன்று நாளாகக் கணக்கெடுப்பு. முழங்கால் இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவே மறுக்கிறது. தாலுகா ஆபீஸில் ஒரு கட்டு படிவம் கொடுத்திருந்தார்கள். பெயர், வயது, என்ன நோய், யார் தூக்க வேண்டும், வீட்டுக்குப் பட்டா உண்டா, எத்தனை வருடமாகக் குடியிருப்பு.

மறுகால் தெருவுக்குள் நுழைகிற சந்தில் முதல் வீடு இசக்கியம்மாளுடையது. சிவனணைந்தானின் மனைவி. பீடி சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள். பட்டா என்றதும் கை நின்றது.

"பட்டா எதுக்குக்கா கேக்காவ? தண்ணி என்ன பட்டா பாத்தா வருது?"

"அரசாங்கப் படிவம்னா எல்லாத்தையும்தான் கேப்பாவ. ஒனக்கு எடுத்ததுக்கெல்லாம் சந்தேகம்."

"நீங்க கேக்கியளேன்னு சொல்லுதேன். வேற எவன் வந்தாலும் வாயத் தொறக்க மாட்டேன். பட்டா கெடையாது, எழுதிக்கிடுங்க."

உள்ளே கட்டிலிலிருந்து சிவனணைந்தான் சத்தம் கொடுத்தார். "தபாலக்கா, வெள்ளம் சீக்கிரம் வரும்லா? ரெண்டு வருசமா என்னைய வெளிய தூக்க ஆளில்ல. வெள்ளம் வந்தாத்தான் ஊரைப் பாப்பேன் போலுக்கு."

நாற்பத்தொரு வீடுகள் தேறின. தெருவின் கடைசிக்குப் போக மில்லின் புதுச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. முன்பு மறுகால் ஓடைக்குள் இறங்கி ஏறினால் இரண்டு நிமிடம். இப்போது ஓடையில் பாதி சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நடந்து நடந்து என் கால்தான் வீங்கியது.

ஜூலை 9

வேலையில் இருந்தபோது, நான் லீவு போடும் நாளில் எனக்குப் பதில் வருகிறவருக்கு வீடு தெரியாது. அதனால் எழுந்து வர முடியாதவர்கள் வீட்டு நிலையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைப்பேன். வட்டம் இருந்தால் கூப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, உள்ளே போய்க் கொடுக்கவேண்டும் என்று அர்த்தம். இதை அருள்செல்வனிடம் சொன்னேன். வெளியூர் மீட்பு ஆட்களுக்கும் இதேபோல் அடையாளம் இருந்தால் நல்லதுதானே.

அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நீல எனாமல் பெயிண்ட் ஒரு டப்பா, இரண்டு பிரஷ் வந்து சேர்ந்தன. நாற்பத்தொரு கதவிலும் நானே வட்டம் போட்டு உள்ளே எண் எழுதினேன். மாரிக்கனி தன் கதவைத் தடவிப் பார்க்க வந்து விரலெல்லாம் நீலமாக்கிக்கொண்டாள். "எனக்கும் ஒரு பொட்டு வச்சு விட்டுட்டியளே அக்கா" என்று சிரித்தாள்.

ஜூலை 24

இரண்டாவது கூட்டம். நான் எழுதிக் கொடுத்த பட்டியலை அழகாக டைப் அடித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஏதோ ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. கண்ணாடி எடுத்துப் போகாததால் சரியாகத் தெரியவில்லை. கேட்கலாம் என்று நினைப்பதற்குள் டீ வந்துவிட்டது. தாசில்தார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மில் முதலாளி தன் காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர்தான். முழங்காலுக்கு எண்ணெய் போடவேண்டும்.

ஆகஸ்ட் 30

அருள்செல்வன் வீட்டுக்கு வந்தார். கருவாட்டுக் குழம்பு இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். செப்டம்பர் 12-ல் வெள்ள ஒத்திகை வைக்கிறார்களாம். வட்டம் போட்ட வீடுகளில் ஒருவர் விடாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும், வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால்தான் ஒத்திகை ஒத்திகையாக இருக்கும் என்றார்.

"நீங்க சொன்னா வருவாங்கம்மா."

அது உண்மைதான். நான் சொன்னால் வருவார்கள்.

செப்டம்பர் 12

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதினார்கள். என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் பழைய பழக்கத்தில் "தபால்!" என்று கத்திவிட்டேன். தெருவே சிரித்தது. கதவுகள் திறந்தன. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சிவனணைந்தானைத் தீயணைப்பு ஆட்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். மனுசன் மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த வேம்பு எப்பம் இம்புட்டு வளந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் ரவா உப்புமா கொடுத்தார்கள். தலை எண்ணினார்கள். போட்டோ எடுத்தார்கள், நடுவில் நான். பத்தரை மணி இருக்கும், குளத்துப் பக்கமிருந்து ஏதோ இயந்திரச் சத்தம். இசக்கி என்னைப் பார்த்தாள். "மில்லுல வேல நடக்கும்டி" என்றேன். அப்புறம் புழுதி எழும்பியது. வீட்டுக்குப் போகிறோம் என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். எண்ணிக்கை சரியாக வரவில்லை என்று வாசல் கேட்டைச் சாத்தினார்கள். நானும் ஒலிபெருக்கியில், "உக்காருங்க, இன்னும் முடியல" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஒரு மணிக்குத் திறந்துவிட்டார்கள். குளத்தங்கரைப் பக்கம், மில் சுவரை ஒட்டிய பதினோரு வீடுகள் இல்லை. தகரத்தை மட்டும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். பொக்லைன் போன தடம் சந்துக்குள்ளிருந்து இசக்கி வீட்டு வாசலை உரசிக்கொண்டு கடைசிவரை கிடந்தது. ஒரு கதவு மல்லாந்து கிடந்தது. அதில் என் நீல வட்டம், எண் 34.

பத்துப் பேர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. மாரிக்கனி மட்டும் செங்கல் குவியலைக் காலால் தடவிக்கொண்டு நின்றாள். "தபாலக்கா இருக்கியளா? எங்க வாசப்படி எங்கன்னு காட்டுங்க" என்றாள். நான் அங்கேதான் நின்றேன். பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 13

கோழிக்குத் தீனி வைத்தேன்.

செப்டம்பர் 15

தாலுகா ஆபீஸுக்குப் போனேன். அருள்செல்வன் எழுந்து நின்று, "உட்காருங்கம்மா" என்றார். உட்காரவில்லை. கோப்பைக் கேட்டேன். கொடுத்துவிட்டார், அதுதான் ஆச்சரியம். மறைக்க ஒன்றுமில்லையாம்.

ஜூலை 24, தீர்மானம் நான்கு. அதைச் சத்தமாக வாசித்தேன், அவருக்கும் கேட்கட்டும் என்று. "மறுகால் ஓடையில் ஆக்கிரமித்துக் கட்டப்பட்டுள்ள, நீல வட்டக் குறியிட்ட நாற்பத்தொரு வீடுகளும் உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் பொருட்டு அகற்றப்பட வேண்டும் என, நேரில் கள ஆய்வு செய்த உறுப்பினர் திருமதி தங்கபுஷ்பம் அவர்களின் ஆலோசனையை ஏற்று, குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது." அடுத்த தாள் அன்றைய வருகைத் தாள், அதில் எங்கள் கையெழுத்துகள். என்னுடையதன் ஓரத்தில் சட்னிக் கறை கூட இல்லை, சுத்தமாக இருந்தது.

பட்டியலில் என் வட்ட எண்ணைத் தவிர வீடுகளுக்கு வேறு கதவு எண் கிடையாது. நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. பூவரச மரத்தடி வீடு. கண் தெரியாதவர், கயிறு கட்டிய வாசல். சிவப்புத் தகரம், காது கேளாதவர், கதவைத் தட்டாமல் ஜன்னலில் கையாட்டவும். தூக்குவதற்காக எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வார்த்தையும் இடிப்பதற்கு வழிகாட்டியிருந்தது.

"நான் இத சொல்லலியே சார்."

"ஆபத்தான வீடுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. ஆபத்தை நீக்கியிருக்கோம்."

"மில் சுவரு? அதுவும் ஓடைக்குள்ளதான நிக்கி?"

"அது உங்க பட்டியல்ல இல்லியேம்மா."

இல்லைதான். சுவருக்கு மூச்சிரைப்பு வருவதில்லை, நான் ஏன் எழுதப்போகிறேன்?

"ஒத்திகைன்னு கூப்பிட்டு இடிச்சியளே. அதுக்கு எந்தத் தீர்மானம்?"

அவர் கோப்பை மூடி வைத்தார். "ஆளுங்க இருக்கும்போது இடிச்சா அடிதடி ஆகும். யாருக்கும் ஒரு கீறல் இல்லாம முடிச்சிருக்கோம். நீங்க ஆலோசனைதாம்மா சொல்றீங்க, முடிவு எடுக்கறது நாங்க. மீதி முப்பது வீட்டுக்கு மூணு மாசம் டைம் இருக்கு." காகிதத்தில் முடிவு என்னுடையது, அறையில் முடிவு அவருடையது. எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு அந்த வயிற்றில் எப்படித்தான் செரித்ததோ.

அக்டோபர் 4

ராஜினாமா அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு. அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

மறுகால் தெருவில் மீதி முப்பது கதவிலும் வட்டத்தைச் செங்கல்லால் தேய்த்து எடுத்துவிட்டார்களாம். போகாததைச் சாணியால் மெழுகியிருக்கிறார்களாம். ரேஷன் வரிசையில் இசக்கி எனக்கு முன்னால் நின்றாள். திரும்பவே இல்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அவளும் அதையேதானே என்னைப் பார்த்துச் சொல்வாள்.

நவம்பர் 29

மூன்று நாளாக விடாத மழை. கோழிகள் அடுப்படிக்குள் வந்துவிட்டன.

டிசம்பர் 2

பெரியகுளம் நிரம்பிவிட்டது, மறுகால் பாய்கிறது. ஓடையில் பாதி மில் சுவருக்குள் இருப்பதால் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் திரும்புகிறதாம். பொதுமக்கள் முகாமுக்கு வரவேண்டும் என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் வரவில்லையாம்.

டிசம்பர் 3

காலை ஏழு மணிக்கு அருள்செல்வன் போன் செய்தார். குரலில் பழைய நிதானம் இல்லை.

"அம்மா, கரை தாங்காதுன்னு இன்ஜினியர் சொல்றார். மத்தியானத்துக்குள்ள உடைஞ்சிடும். படகு நிக்குது, கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. எந்த வீட்டுல யாரைத் தூக்கணும்னே தெரியல, வட்டமெல்லாம் அழிச்சுட்டாங்க. நீங்க சொன்னா வருவாங்க."

"அந்த வார்த்தைய இனிமே சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டேன். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த நோட்டை ஏன் பாலிதீன் பையில் போட்டு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். தீயணைப்பு ஆட்கள் ஆறு பேர் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "தபால்!" என்று கூப்பிட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல்களில் முகம் தெரிந்தது, கதவு அசையவில்லை. இசக்கி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து கேட்டாள். "இதும் ஒத்திகையாக்கா?"

சத்தியம் செய்யலாம். என் சத்தியத்தை யார் நம்புவார்கள்? கதவில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். "இல்லட்டி. இது நெசம்."

ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. இசக்கி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சந்தை எட்டிப் பார்த்தாள், பொக்லைன் நிற்கிறதா என்று.

"எல்லாத்தையும் கூட்டிட்டுப் போறோம். ஆனா நீங்க போவக் கூடாது" என்றாள். "எங்க வீட்டுக்குள்ள இரிங்க. வண்டி உள்ள வரணும்னா இந்த வாசலத் தாண்டித்தான் வரணும். நீங்க உள்ள இருந்தா இடிக்க மாட்டாவ. நான் வந்து கூப்பிட்டாத்தான் தெறக்கணும். வேற யார் கூப்பிட்டாலும் தெறக்கக் கூடாது. சரியா?"

"சரி."

"எக்கா, நெசமாத்தான்?"

"நெசமாத்தான்."

தீயணைப்புக்காரர் அதெல்லாம் கூடாது என்று சத்தம் போட்டார். நான் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சிவனணைந்தானைத் தூக்கினார்கள். வாசலில் திரும்பி, "வீட்டைப் பாத்துக்கிடுங்க தபாலக்கா" என்றார்.

நான் உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்ற கதவுகள் திறந்தன. ஜன்னல் வழியாக எண்ணினேன், முப்பது வீடும் வெளியே வந்துவிட்டது. அத்தை வீட்டில் தங்கியிருந்த மாரிக்கனியை யாரோ கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். படகு மூன்று நடை போனது. கடைசி நடையில் தீயணைப்புக்காரர், "திரும்ப வரமுடியுமான்னு தெரியாது, இப்பவே ஏறுங்க" என்று கெஞ்சினார். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது மணி பன்னிரண்டு இருபது. கட்டிலின்மேல் பெஞ்சைப் போட்டு அதில் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது. அடுப்படிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதக்கின்றன.

ஒன்றை இந்த நோட்டில் பொய்யாக எழுதியிருக்கிறேன். ஜூலை 24-ல் கண்ணாடி எடுத்துப் போகவில்லை என்று எழுதினேன். மூக்கில்தான் இருந்தது. அந்தக் கூடுதல் கட்டத்தின் தலைப்பில் "ஆக்கிரமிப்பு விவரம்" என்று இருந்ததை வாசித்தேன். கேட்டால் கைதட்டுவதை நிறுத்திவிடுவார்களோ என்று இருந்தது. அதனால் கேட்கவில்லை. இசக்கிக்கு இது தெரியாது. அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டு நாற்பது. குளத்துப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. தண்ணீரின் நிறம் மாறிவிட்டது, செம்மண்ணாக வருகிறது.

சந்தில் ஒரு இன்ஜின் சத்தம். படகா, பொக்லைனா, இங்கிருந்து தெரியவில்லை. கதவைத் தட்டுகிறார்கள்.

"அம்மா! கதவைத் திறங்கம்மா! அம்மா!"

இசக்கி என்னை அம்மா என்று கூப்பிட மாட்டாள். நான் திறக்கவில்லை.